எஸ்எஸ்டி போட்டாச்சு, லேப்டாப் மக்கர் பண்ணுது: எங்கே பார்ப்பது?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவ்) போட்ட பிறகு லேப்டாப் மக்கர் பண்ணுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "பயாஸ்ல தெரியுதா?" என்பதைத்தான். பயாஸ் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்பே லேப்டாப்பில் ஓடுகிற செட்டிங் மெனு. விண்டோஸ் என்ன எரர் காட்டுகிறது என்பதெல்லாம் அப்புறம். பயாஸில் டிரைவ் தெரியவில்லை என்றால் கோளாறு ஸ்க்ரூ டிரைவர் எட்டுகிற இடத்தில் இருக்கிறது. விண்டோஸை எத்தனை தடவை ஏற்றினாலும் தீராது. தெரிகிறது என்றால் மூடியைத் திரும்பக் கழற்ற வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை, மிச்சமெல்லாம் கீபோர்டில் முடிகிற வேலை. இதைப் பார்க்காமலேயே நாலு தடவை கழற்றி மாட்டி, ஓரத்துக் கிளிப்பை எல்லாம் உடைத்து, கடைசியில் செலோ டேப் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

பயாஸுக்குள் போக, பவர் பட்டனை அழுத்தியதுமே எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசர், டெல், அசூஸ் மூன்றுக்கும் அதுதான். எச்பியில் எஃப்10. சில லெனோவா மாடல்களில் பக்கவாட்டில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது அதில் குத்தினால் மெனு வரும். உள்ளே 'இன்ஃபர்மேஷன்' அல்லது 'மெயின்' பக்கத்தில், அங்கே இல்லையென்றால் 'பூட்' பக்கத்தில், புது டிரைவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்தாகிவிட்டதா? இனி உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

"வாங்கிட்டு வந்துட்டேன், உள்ளயே போகலண்ணா"

இது கோளாறு இல்லை, அவசரம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கிடைக்கிற ரிச்சி தெருவுக்கு நடக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பட்ஜெட் லேப்டாப்பில் மூன்று ரகம்.

2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் உள்ளது முதல் ரகம். அதே இடத்தில், ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் மாட்டுகிற 2.5 அங்குல எஸ்எஸ்டி உட்காரும். பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7 மில்லிமீட்டர் என்றால் கொஞ்சம் ஆடும். பழையதில் இருக்கிற தகர ஃபிரேமைக் கழற்றி இதில் மாட்டி, இடைவெளியில் ஒரு ஃபோம் துண்டு வைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது ரகத்தில் எம்.2 ஸ்லாட், அதாவது மெல்லிய நீளமான எஸ்எஸ்டி கார்டு மாட்டுகிற இடம், இருக்கும். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கார்டின் அளவு 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242 அதில் பாதிக்குச் சற்று மேல். நீளம் பொருந்தினாலும் போதாது. சில ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை (சாட்டாவைவிட வேகமான இன்னொரு முறை) மட்டும். கார்டின் தங்க விளிம்பில் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. பெரும்பாலும் என்று இழுப்பதற்குக் காரணம், இரண்டு வெட்டுள்ள என்விஎம்இ கார்டுகளும் சந்தையில் உண்டு. லேபிளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்பதை லேப்டாப் கம்பெனியின் தளத்தில், மாடல் நம்பரைப் போட்டு, சர்வீஸ் மேனுவலில் பார்ப்பது நல்லது. கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

மூன்றாவது, டிஸ்க்குக்குப் பதிலாக இஎம்எம்சி என்கிற சேமிப்புச் சிப். 32 அல்லது 64 ஜிபி சிப்பை மதர்போர்டிலேயே சால்டர் வைத்திருப்பார்கள், கழற்ற முடியாது. கூடவே எம்.2 ஸ்லாட்டும் இருந்தால் தப்பித்தீர்கள். சில போர்டுகளில் அந்த இடத்தில் வெள்ளைக் கோட்டில் கட்டமும் வரிசையாகத் தங்கப் புள்ளிகளும் மட்டும் இருக்கும். கனெக்டரைப் பதித்திருக்க மாட்டார்கள். அதில் எஸ்எஸ்டி ஆசையை விட்டுவிடுங்கள். இன்னொன்று: கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர் மாட்டிய குட்டிக் கார்டு உட்கார்ந்திருக்கிற இடம் வைஃபையுடையது. அதைப் பிடுங்கிவிட்டு எஸ்எஸ்டியைத் திணிக்காதீர்கள்.

மாட்டிய பிறகு லேப்டாப் ஆனே ஆகவில்லை

லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை என்றால் எஸ்எஸ்டியைச் சந்தேகிக்கும் முன் பேட்டரி கனெக்டரைப் பாருங்கள். கழற்றும்போது எடுத்துவிட்டிருப்பீர்கள், திரும்பக் குத்த மறந்திருக்கும், அல்லது பாதி குத்தியிருக்கும். அது சரியாக இருந்தும் ஆகவில்லை என்றால் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். பேட்டரியைப் பிரித்து மாட்டினால் சார்ஜர் கொடுத்த பிறகுதான் விழிக்கிற மாடல்கள் இருக்கின்றன. பவர் பட்டனில் இருந்து வரும் மெல்லிய ரிப்பன் கழன்றிருக்கிறதா, ரேமில் கை பட்டதா, ஸ்க்ரூ ஏதாவது போர்டின்மேல் கிடக்கிறதா என்பதையும் பாருங்கள். எண்ணி எடுத்த ஸ்க்ரூ எண்ணிக்கையில் குறைந்தால், லேப்டாப்பைக் கவிழ்த்து உலுக்காமல் ஆன் பண்ணாதீர்கள்.

பயாஸிலேயே தெரியவில்லை

எம்.2 கார்டைச் சாய்த்து நுழைத்தால் மறுமுனை தூக்கிக்கொண்டு நிற்கும். அதுதான் சரி. முழுதாக உள்ளே போயிருந்தால் தங்க விளிம்பு வெளியே ஒரு மெல்லிய கோடாக மட்டும் தெரியும். பட்டையாகத் தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். அப்புறம் கீழே அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூ எஸ்எஸ்டி டப்பாவில் பெரும்பாலும் வராது. கிடைக்கவில்லை என்று டேப் ஒட்டி அழுத்திவைக்கிறார்கள். சூட்டில் பசை இளகி, கார்டு மெல்ல எழும்பி, ஒரு நல்ல நாளில் டிரைவ் காணாமல் போகும். எந்த சர்வீஸ் கடையிலும் பழைய போர்டில் இருந்து ஒரு ஸ்க்ரூ எடுத்துத் தருவார்கள், கேளுங்கள்.

2.5 அங்குல டிரைவ் என்றால் அதில் இருந்து மதர்போர்டுக்குப் போகிற ரிப்பனைப் பாருங்கள். போர்டு பக்கம் ஒரு கறுப்பு அல்லது பழுப்பு மடிப்பு இருக்கும். அதை நகத்தால் தூக்கி, ரிப்பனை நேராக நுழைத்து, மடிப்பைத் திரும்ப அமுக்க வேண்டும். ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் கோணலாகப் போனாலும் டிரைவ் தெரியாது.

நம் ஊருக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: உப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் ஜன்னலோரம் வைத்த லேப்டாப்பைத் திறந்தால் ஸ்க்ரூ தலைகள் துருவேறி, சாட்டா கனெக்டரின் ஊசிகளில் மங்கலாகப் பச்சை பூத்திருக்கும். பழைய டிஸ்க் பல வருடமாக அதே இடத்தில் அசையாமல் இருந்ததால் எப்படியோ ஓடிக்கொண்டிருந்திருக்கும். கழற்றிப் புதியதை மாட்டும்போது அந்தப் படலம் குறுக்கே வந்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்று கேட்பது இதனால்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நனைந்து, வெயிலில் காயவைத்து, இன்னும் ஓடுகிற லேப்டாப்களில் இது கட்டாயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். பேட்டரியைப் பிரித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து ஊசிகளைத் துடையுங்கள், நன்றாக ஆறவிட்டு மாட்டுங்கள். அழிரப்பரால் தேய்க்கிற பழக்கம் ரேமுக்கு வேண்டுமானால் சரி. ஸ்லாட்டுக்குள் அதன் தூள் போய் உட்கார்ந்தால் அது வேறு தலைவலி.

இவ்வளவும் செய்து தெரியவில்லை என்றால் எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேஸில் (டிரைவை வெளியே இருந்து சொருக உதவும் டப்பா) போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். சாட்டா எம்.2 கார்டுக்கும் என்விஎம்இ கார்டுக்கும் கேஸ் வேறு வேறு. இரண்டையும் ஏற்கிற கேஸும் கிடைக்கிறது. அங்கே தெரிந்தால் உங்கள் ஸ்லாட்டுக்கு ஒத்துவராத ரகத்தை வாங்கியிருக்கிறீர்கள் அல்லது ஸ்லாட் போயிருக்கிறது. அங்கேயும் தெரியவில்லை என்றால் டிரைவ் செத்தது; பில்லோடு போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸ் இன்ஸ்டாலரில் காணோம்

பிராசஸர் இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், விஎம்டி. டிரைவை நேரடியாக விண்டோஸுக்குக் காட்டாமல் இன்டெல் தன் கன்ட்ரோலருக்குப் பின்னால் வைத்திருக்கிறது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, இன்ஸ்டாலர் பென் டிரைவிலேயே ஒரு ஃபோல்டரில் போடுங்கள். டிரைவ் தேர்ந்தெடுக்கும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி வந்துவிடும்.

பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது இன்னொரு வழி. ஏசரின் பல மாடல்களில் அந்த ஆப்ஷனே மறைந்திருக்கும். 'மெயின்' பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்பில் இதை விளையாட்டாக மாற்றாதீர்கள். அடுத்த பூட்டில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரும். வந்துவிட்டால் பயப்பட வேண்டாம், பழையபடி வைத்தால் போய்விடும்.

குளோன் நூறு சதவீதம் முடிந்தது, பூட் ஆகவில்லை

குளோன் என்றால் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது. அது முடிந்தும் பூட் ஆகவில்லை, அதாவது விண்டோஸ் தொடங்கவில்லை என்றால், முதலில் பழைய டிஸ்க்கை வெளியே எடுங்கள். ஒரே அடையாள எண்ணோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். எதில் இருந்து பூட் ஆகிறது என்று உங்களுக்கும் தெரியாது. குளோன் முடிந்த பிறகு முதல் தடவை புது டிரைவை மட்டும் வைத்துத்தான் ஆன் பண்ண வேண்டும்.

அப்படியும் வரவில்லை என்றால் பயாஸின் பூட் மோடைப் பாருங்கள். பழைய டிஸ்க் எம்பிஆர் என்கிற பழைய முறையில் இருந்தது, பயாஸ் யுஇஎஃப்ஐ என்கிற புது முறையில் நிற்கிறது என்றால் பூட் ஆகாது. லெகசி (பழைய முறை) ஆப்ஷன் இருந்தால் மாற்றிப் பாருங்கள். குளோன் செய்யும்போது சி டிரைவை மட்டும் டிக் செய்துவிட்டு, முன்னால் தனியாகப் பிரித்திருக்கிற 100 எம்பி பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, குப்பை என்று விட்டவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள். பூட் ஃபைல்கள் இருப்பதே அந்தக் குப்பையில்தான். முழு டிஸ்க்கையும் திரும்பக் குளோன் செய்யுங்கள்.

வடசென்னையில் வீட்டுக்கு வீடு கிடக்கிற கவர்மென்ட் லேப்டாப்புக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் சேர்ந்தே வந்தது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பதால், குளோன் செய்யும்போது லினக்ஸ் பார்ட்டிஷனை விட்டுவிடுவார்கள். ஆன் பண்ணினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரே வரி வந்து நிற்கும். பூட் செய்கிற கிரப் என்ற புரோகிராம் தன் மீதி ஃபைல்களைத் தேடுகிறது. அவை இருந்த பார்ட்டிஷனைத்தான் நீங்கள் கொண்டுவரவில்லையே. விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேருக்குள் போய், கமாண்ட் பிராம்ப்டில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் ஆப்ஷனோடு (bootrec /fixmbr) கொடுங்கள். விண்டோஸ் வந்துவிடும். அந்தப் பழைய போர்டுகள் சிலவற்றில் சாட்டா பாதி வேகம்தான், எஸ்எஸ்டி நொடிக்கு 280 எம்பிக்கு மேல் போகாது. பரவாயில்லை. ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மாற்றம் அப்போதும் கண்ணுக்குத் தெரியும்.

குளோன் பாதியில் திரும்பத் திரும்ப நின்றால், பழைய டிஸ்க்கில் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற டிஸ்க் சோதனைப் புரோகிராமில் மஞ்சளாக 'காஷன்' காட்டும். அந்த டிஸ்க்கைக் குளோனுக்காக மேலும் மேலும் ஓட்டாதீர்கள். போட்டோ, சர்டிஃபிகேட், டேலி டேட்டா எது முக்கியமோ அதை முதலில் எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். என்னைக் கேட்டால், நாலைந்து வருடம் ஓடிய விண்டோஸைக் குளோன் செய்வதே வேண்டாம்.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

இது பிட்லாக்கர், டிரைவைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. எந்தக் கணக்கில் லேப்டாப்பைத் தொடங்கினீர்களோ, அதில் போனிலேயே லாகின் செய்து டிவைசஸ் பக்கத்தில் ரிகவரி கீயைப் பாருங்கள். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கட்டம். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் காட்டுகிற கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள்.

உங்கள் கணக்கில் கீயே இல்லை என்றால், லேப்டாப் வாங்கிய அன்று யாருடைய மெயில் ஐடியைப் போட்டார்கள் என்று யோசியுங்கள். "நானே ரெடி பண்ணித் தர்றேன்" என்று கடைப் பையன் தன் மெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால், சாவி அவனிடம் இருக்கிறது. எங்கேயுமே கீ இல்லை என்றால் அந்த டேட்டாவைத் திறந்து தருகிறேன் என்று சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள், யாராலும் முடியாது. ஆனால் பழைய டிஸ்க்கைப் பழைய இடத்திலேயே மாட்டினால் அது கீ கேட்காமல் திறக்கலாம். திறந்ததும் முதல் வேலையாக செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற இந்தப் பூட்டை அணைத்து, அது முழுதாக அவிழ்ந்த பிறகு குளோன் செய்யுங்கள்.

விண்டோஸ் வருகிறது, புது டிரைவ் 'திஸ் பிசி'யில் இல்லை

இரண்டாவது டிரைவாகப் போட்டிருந்தால் இது இயல்பு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட், எந்த முறை என்று கேட்கும்போது ஜிபிடி, கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்'. முடிந்தது.

256 ஜிபி வாங்கினேன், 238தான் காட்டுகிறது என்றால் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. 512க்கு 476 வரும். நடைபாதையில் ஆயிரம் ரூபாய்க்குள் 2 டிபி என்று வாங்கியிருந்தால்தான் கதை வேறு. அது 2 டிபி என்று காட்டும், சின்ன ஃபைல்களை ஒழுங்காக வாங்கிக்கொள்ளும், உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் மேலே போடுவதெல்லாம் குப்பையாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசப் புரோகிராமை முழு டிரைவுக்கும் ஓட்டினால் வெளிச்சமாகிவிடும்.

"புதுசு போட்டும் அப்டியேதாண்ணா கீது"

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபாமன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். முன்பு நூறு சதவீதத்தில் நின்ற டிஸ்க் இப்போது பத்தில் இருக்கிறது, மெமரி தொண்ணூறில் நிற்கிறது என்றால், எஸ்எஸ்டி தன் வேலையைச் செய்துவிட்டது. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 மூச்சு வாங்குகிறது. ரேம் ஸ்லாட் இருந்தால் 8 ஆக்குங்கள். சால்டர் செய்த ரேம் என்றால் குரோமில் திறந்து வைத்திருக்கிற நாற்பது டேபைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துப் பார்த்ததில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப்புக்கு இதை இப்போது தயங்காமல் சொல்கிறேன்.

இஎம்எம்சி லேப்டாப் என்றால் சந்தேகம் வேறு. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் எஸ்எஸ்டி டி டிரைவாகச் சும்மா உட்கார்ந்திருக்கும், விண்டோஸ் அதே 64 ஜிபி சிப்பில் திணறிக்கொண்டிருக்கும். இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. எஸ்எஸ்டியில்தான் விண்டோஸை ஏற்றினீர்கள், ஆனால் இன்ஸ்டாலர் பழைய சிப்பில் பூட் ஃபைல்கள் வைக்கிற இஎஃப்ஐ பார்ட்டிஷனையே பூட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கும். வேகம் நன்றாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்துச் சிப்பை ஃபார்மட் செய்தாலோ, சிப் செத்தாலோ, ஒன்றும் ஆகாத எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. அதனால் இன்ஸ்டால் செய்யும் முன் பயாஸில் இஎம்எம்சியை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால், டேட்டாவை எடுத்துவிட்டு, இன்ஸ்டாலர் திரையிலேயே அந்தச் சிப்பின் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆன் செய்து கால் மணி நேரம் பறக்கிறது, பிறகு படுக்கிறது என்றால் சூடு. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியும் மணலி பக்கத்துத் தூசியும் ஃபேனுக்குள் கம்பளி மாதிரி படிந்திருக்கும். எஸ்எஸ்டிக்காக மூடியைத் திறந்தபோதே பிரஷ்ஷால் தட்டியிருந்தால் இந்த வேலை மிச்சம். சார்ஜரையும் பாருங்கள்: டெல் லேப்டாப்கள் டூப்ளிகேட் சார்ஜரை அடையாளம் தெரியாமல் பிராசஸர் வேகத்தைக் குறைத்துவிடும், பழி எஸ்எஸ்டிமேல் விழும்.

பெரிய சினிமா ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது முதலில் 400 எம்பியில் போய், நடுவில் 60க்கு இறங்கினால் அது மலிவு எஸ்எஸ்டியின் சுபாவம். வேகமான கேஷ் பகுதி நிரம்பிவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் திரும்ப வரும்.

நடுநடுவே அரை நிமிடம் உறைந்து, பிறகு ஓடுகிறது

மவுஸ் நகரும், எதைக் கிளிக் செய்தாலும் திறக்காது, முப்பது நொடியில் எல்லாம் மொத்தமாகத் திறக்கும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பட்டியலில் 129 என்ற எண்ணோடு எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தால், டிரைவ் பதில் சொல்லாமல் போய் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது என்று பொருள். சாட்டா டிரைவில் பெரும்பாலும் பவர் சேமிப்பால் வருவது. பவர் பிளானை 'ஹை பெர்ஃபாமன்ஸ்'க்கு மாற்றிப் பாருங்கள், எஸ்எஸ்டி கம்பெனியின் புரோகிராமை இறக்கி, டிரைவுக்குள் ஓடும் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். நிற்கவில்லை என்றால் ரிப்பனையும், மேலே சொன்ன உப்பையும் திரும்பப் பாருங்கள். லேப்டாப்பை லேசாகத் தூக்கும்போதோ, கை வைக்கும் இடத்தை அழுத்தும்போதோ மட்டும் உறைகிறது என்றால் ரிப்பன்தான், சந்தேகமே வேண்டாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டால் டிக் டிக் என்கிறது

லேப்டாப்பில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். ஒரு யுஎஸ்பி போர்ட் கொடுக்கிற பவர் அதற்குப் பற்றாமல் இருக்கலாம். வேறு போர்ட்டில் சொருகுங்கள், ஒய் மாதிரி இரண்டு முனை உள்ள கேபிள் இருந்தால் இரண்டையும் சொருகுங்கள், முன்னால் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். சத்தம் நின்று டிரைவ் வந்தால், எஸ்எஸ்டிக்கு வராமல் விட்டுப்போன ஃபைல் ஏதும் இல்லை என்று தெரிகிறவரை அதை ஃபார்மட் செய்யாமல் வையுங்கள்.